மாவட்டக் கோப்பை கையில் இருக்கு. மூணு பேரும் கோச்சும் கிளம்புறாங்க. முதல்ல எதை முடிவு பண்ணணும்?

காட்பாடி ஜங்ஷன் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு கிளப்பின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்காகக் கேட்கிறேன். இந்த சீசன்ல 14 மேட்ச் ஆடி மாவட்டக் கோப்பையை எடுத்தாச்சு. இப்போ மூணு பேர் போறாங்க.

பாயிண்ட் கார்டுக்கு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துறவர்) வெளியூர்ல வேலை. சராசரி 31 நிமிஷம், 9 பாயிண்ட். எதிரணியோட பெரிய ஸ்கோரரைப் பிடிக்கிற விங், 24 நிமிஷம், 4 பாயிண்ட். மாற்று சென்டர் (ரிங்குக்குக் கீழே நிக்கிற ஆள்), 15 நிமிஷம், 5 பாயிண்ட். அணியோட சராசரி 68.

கோச்சுக்குப் பணியிட மாற்றம் வந்துடுச்சு. அவர் இடத்துக்கு மூணு யோசனை இருக்கு: கேப்டனே ஆடிக்கிட்டு கோச்சாவும் இருக்கறது, துணை கோச்சை மேல கொண்டுவர்றது, வெளியிலிருந்து அனுபவமான ஒருத்தரை வாரம் 3 நாள் கூப்பிடறது. வெளியாள் மாசம் 12,000 கேட்கிறார். எங்க வருஷ பட்ஜெட்டே 1,20,000 தான்.

"போறது வெறும் 18 பாயிண்ட், ஒரு நல்ல ஸ்கோரரை எடுத்தா சரியாயிடும்"னு கமிட்டியில பாதிப் பேர் சொல்றாங்க. ஆம்பூர்ல ஒரு ஸ்கோரரைப் பார்த்தும் வெச்சிருக்காங்க. இது சரியான கணக்கா? கோச் முதல்லயா, பிளேயர் முதல்லயா? ஏப்ரல், மே வெயில்ல பயிற்சியை எப்படி வைக்கிறது?

பாலாற்றங்கரை:

கணக்கு தப்பு தம்பி. பாயிண்டை எண்ணாதீங்க, நிமிஷத்தை எண்ணுங்க. ஒரு மேட்ச் 40 நிமிஷம், களத்துல 5 பேர், ஆக 200 நிமிஷம். மூணு பேரும் சேர்ந்து 70 நிமிஷம் எடுத்துட்டுப் போறாங்க. பாயிண்ட்ல 26 சதவீதம்தான், ஆனா நிமிஷத்துல 35 சதவீதம். பாயிண்ட் போடாத நேரத்துல அவங்க என்ன செஞ்சாங்களோ, அதைத்தான் நீங்க இழக்கறீங்க.

ஒரு தாள் எடுத்து மூணு பேர் பேரையும் எழுதி, அவங்க செஞ்ச வேலையை எதிர்ல எழுதுங்க. கார்டுன்னா: எதிரணி பிரஸ் (பந்தை மேலே கொண்டுவர விடாம நெருக்கறது) போடறப்போ 8 செகண்டுக்குள்ள பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோறது, கடைசி 2 நிமிஷம் பந்தைக் கையில வெச்சிருக்கறது, சைடு இன்பவுண்டு பாஸ் (ஓரக்கோட்டுக்கு வெளியே நின்னு பந்தை உள்ளே போடறது). விங்குன்னா: எதிரணி ஸ்கோரர், அதோட அவனுக்கு ஸ்கிரீன் (அவனைப் பிடிக்கிறவரை இன்னொருத்தர் வழிமறிச்சு நிக்கிறது) வர்றதை முன்னாடியே சத்தமா சொல்றது. மாற்று சென்டர் 15 நிமிஷம்தானேன்னு விட்டுடாதீங்க. முதல் சென்டர் மூணாவது ஃபவுல் (அஞ்சு ஆனா ஆட்டத்தை விட்டே வெளியே) வாங்கி பெஞ்ச்ல உட்கார்றப்போ அணி குலையாம நின்னது அவரால. ஸ்கோர் ஷீட்டைத் திறந்து, முதல் சென்டர் எத்தனை மேட்ச்ல 4 ஃபவுல் தொட்டிருக்கார்னு பாருங்க. பாதிக்கு மேல இருந்தா மாற்று சென்டர்தான் உங்க முதல் தேவை, ஸ்கோரர் இல்ல.

பெரிய இடத்துலயே இந்தத் தப்பு நடந்திருக்கு. 2011ல டல்லஸ் மாவெரிக்ஸ் அணி, அமெரிக்காவோட பெரிய லீக்கான என்பிஏ கோப்பையை எடுத்துச்சு. சென்டர் டைசன் சாண்ட்லர் அந்த சீசன்ல சராசரி 10 பாயிண்ட்தான் போட்டார். பின்னாடி பெரிய ஆளைப் பிடிக்கப் பணத்துல இடம் வேணும்னு அவரை விட்டாங்க. அவர் நியூயார்க் போய் அடுத்த சீசனே சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கினார். டல்லஸ் 2012ல முதல் சுற்றுலயே ஓக்லஹோமா சிட்டிகிட்ட 4-0ன்னு தோத்துச்சு. அதுக்கப்புறம் பிளேஆஃப்ல ஒரு சுற்று ஜெயிக்க அவங்களுக்கு 2022 வரைக்கும் ஆச்சு. அணியோட பெரிய ஸ்கோரர் டிர்க் நோவிட்ஸ்கி 2019 வரைக்கும் அங்கேதான் இருந்தார். ரிங்குக்குக் கீழே நின்ன ஆள்தான் இல்ல.

கோட்டை அகழி:

கோச்சை முதலில் முடிவு செய்யுங்கள். காரணம் எளிமையானது: எந்த வகை ஆட்டக்காரர் வேண்டும் என்பது எந்த டிஃபென்ஸ் ஆடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதை முடிவு செய்பவர் கோச். மேன் டு மேன் (ஆளுக்கு ஆள் பிடிப்பது) ஆடும் அணிக்காக எடுத்த விங்கை, 2-3 ஸோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று இடத்தைக் காப்பது) விரும்பும் கோச்சிடம் கொடுத்தால் இருவருக்கும் வீண்.

கேப்டனே கோச்சாக இருக்கும் யோசனையைப் பற்றி. பில் ரஸ்ஸல் 1966 முதல் 1969 வரை பாஸ்டன் செல்டிக்ஸில் ஆடிக்கொண்டே கோச்சாக இருந்து, மூன்று சீசனில் இரண்டு கோப்பை எடுத்தார் என்று யாராவது எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் முதல் சீசனில், தொடர்ந்து எட்டுக் கோப்பை வென்றிருந்த அணி அவர் தலைமையில் பிலடெல்பியாவிடம் தோற்றது. ரஸ்ஸலுக்கே ஒரு வருடம் பிடித்தது. களத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பவரால் எதிர் அணியின் டீம் ஃபவுல் நான்கா ஐந்தா என்று கணக்கு வைக்க முடியாது. தன்னையே வெளியே எடுக்கவும் பலருக்கு மனம் வராது. உங்கள் பாயிண்ட் கார்டும் போய்விட்ட நிலையில் கேப்டன் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம்.

துணை கோச்சுக்கு என் ஓட்டு. 2015இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோப்பை எடுத்ததும் மூத்த துணை கோச் ஆல்வின் ஜென்ட்ரி நியூ ஆர்லியன்ஸுக்குத் தலைமை கோச்சாகப் போனார். தலைமை கோச் ஸ்டீவ் கெர் முதுகு அறுவை சிகிச்சையால் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சில் இருந்த இன்னொரு துணை கோச் லூக் வால்டனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அணி தொடக்கத்தில் 24 மேட்ச் தொடர்ந்து ஜெயித்தது. கெர் திரும்பி வரும்போது 39 வெற்றி, 4 தோல்வி. வால்டன் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. அதே செட் (ஆட்டத் திட்டம்), அதே பெயர், அதே சைகை. பன்னிரண்டு பேர் புதிய மொழி கற்பதைவிட ஒருவர் பழைய மொழியைத் தொடர்வது எளிது.

ஆகவே போகிற கோச்சிடமிருந்து இந்த மாதமே வாங்கி வையுங்கள்: எல்லா செட்டின் படம், ஒவ்வொன்றின் பெயரும் கை சைகையும், இன்பவுண்டு பாஸ் வகைகள், பயிற்சி நோட்டு, 14 மேட்சின் ஸ்கோர் ஷீட். "போன்ல கேட்டுக்கலாம்" என்று விட்டால் இரண்டு மாதத்தில் பாதி மறந்துபோகும். அவர் இருக்கும்போதே துணை கோச் மூன்று பயிற்சியைத் தனியாக நடத்தட்டும், இவர் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு மட்டும் எழுதட்டும்.

வாலாஜா ரோடு:

அகழி அண்ணா சொல்றதுல முக்கால்வாசி ஒத்துக்கிறேன், ஒரு இடத்துல மட்டும் இல்ல. வால்டன் பெஞ்ச்ல என்பிஏ வீரரா பத்து சீசன் ஆடின அனுபவத்தோட உட்கார்ந்திருந்தார். கிளப் துணை கோச் பல சமயம் வார்ம்-அப் நடத்தி, தண்ணி பாட்டில் பார்த்து, ஸ்கோர் எழுதினவரா இருப்பார். அவர் டைம் அவுட்ல பேசிப் பழகியிருக்காரான்னு பாருங்க. ஒரு நிமிஷ டைம் அவுட்ல ஒரே ஒரு விஷயத்தை, யார் எங்க நிக்கணும்னு போர்டுல வரைஞ்சு சொல்ல முடியுதா? ரெண்டு நட்பு மேட்ச் கொடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும்.

அதனால நடுவழி சொல்றேன். துணை கோச்சைத் தலைமைக்குக் கொண்டுவாங்க. வெளியாளைப் பத்து மாசத்துக்குக் கூப்பிட்டா 1,20,000 மொத்தமும் அங்கேயே போயிடும், பந்துக்கும் பயணத்துக்கும் ஒரு ரூபாய் மிஞ்சாது. போட்டிக்கு முந்தின 4 மாசம் மட்டும் கூப்பிட்டா 48,000. மீதி 72,000ல அணி ஓடும். ஆனா யார் பேச்சு கடைசிப் பேச்சுன்னு முதல் நாளே எழுதி வைங்க. ஆள் மாத்தறதும் டைம் அவுட்டும் தலைமை கோச் கையில, பயிற்சித் திட்டமும் டிஃபென்ஸ் டிரில்லும் வந்தவர் கையில. இதைப் பேசாம விட்டா நாலாவது குவார்ட்டர்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துவாங்க.

ஆம்பூர் ஸ்கோரர் விஷயத்துக்கு வர்றேன். 2019ல வேலூர் மூணாப் பிரிஞ்சது ஞாபகம் இருக்கட்டும். ஆம்பூர் இப்போ திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜா, ஆற்காடு எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். கிளப் போட்டியில பிரச்சினை இல்லாம ஆடினவர், மாவட்ட அடிப்படையில நடக்கிற போட்டியில உங்களுக்கு ஆட முடியுமான்னு அமைப்பாளர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. ஆதார் முகவரி, பழைய கிளப்போட தடையில்லாக் கடிதம், ரெண்டும் பயிற்சிக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடியே. மேட்ச் முடிஞ்சப்புறம் எதிரணி புகார் கொடுத்தா ஜெயிச்ச ஆட்டமும் போகும்.

அவர் வந்தா பந்து யார்கிட்டேயிருந்து எடுக்கப்படும்னும் கேளுங்க. 2020ல லேக்கர்ஸ் கோப்பை எடுத்துட்டு ரோண்டோ, ஹோவர்ட், மெக்கீ, டேனி கிரீன்னு டிஃபென்ஸும் அனுபவமும் இருந்தவங்களை விட்டாங்க. ஷ்ரோடர், ஹேரல்னு பாயிண்ட் போடறவங்களை எடுத்தாங்க. ஃபைனல் முடிஞ்சது அக்டோபர் 11, அடுத்த சீசன் டிசம்பர் 22, நடுவுல 72 நாள்தான். அணியோட பெரிய நட்சத்திரங்கள் டேவிஸ், லெப்ரான் ரெண்டு பேரும் காயப்பட்டாங்க. முதல் சுற்றுலயே பீனிக்ஸ்கிட்ட 4-2ன்னு தோல்வி. ஓய்வு குறைஞ்சதும் ஆள் மாத்தினதும் சேர்ந்து அடிச்சுது.

இதுக்கு நேர் எதிர் டொராண்டோ. 2019 கோப்பைக்கு அப்புறம் காவாய் லெனார்ட், டேனி கிரீன் ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவங்க அளவுக்குப் பெரிய பேரை யாரையும் எடுக்கல. ஏற்கெனவே இருந்த சியாக்கம், வான்வ்லீட், பவல் மூணு பேருக்கும் நிமிஷத்தைக் கூட்டினாங்க. 53 வெற்றி, 19 தோல்வி. கோப்பை இல்ல, ஆனா ரெண்டாம் சுற்றுல ஏழாவது மேட்ச் வரைக்கும் போனாங்க. உங்க பெஞ்ச்ல 8ஆவது, 9ஆவது ஆள் யாருன்னு முதல்ல பாருங்க, அப்புறம் ஆம்பூர் பஸ் ஏறலாம்.

காட்பாடி ஜங்ஷன்:

ரொம்ப நன்றி. ஷீட்டைப் பார்த்தேன்: முதல் சென்டர் 14ல 8 மேட்ச்ல 4 ஃபவுல் தொட்டிருக்கார். அப்போ தேவை வரிசை சென்டர், விங், கார்டுன்னு மாறுது. கார்டு இடத்துக்குப் பெஞ்ச்ல ஒரு பையன் இருக்கான், பந்து நல்லா வெச்சிருப்பான், பிரஸ்ல மட்டும் பதறுவான். தேர்வை எப்படி நடத்தறது? வர்றவங்கள்ல கல்லூரிப் பசங்களும் சிப்காட் ஷிஃப்ட் ஆளுங்களும் இருக்காங்க.

பாலாற்றங்கரை:

தனியா ஷூட் பண்ணச் சொல்லித் தேர்வு வைக்காதீங்க, அதுல ஸ்கோரர் மட்டும்தான் தெரிவான். அரைக் களத்துல மூணுக்கு மூணு, 7 நிமிஷம், ஆளுக்கு நாலு ஆட்டம். ஓரத்துல ரெண்டு பேர் கோடு போட்டு எண்ணட்டும்: பாக்ஸ் அவுட் (ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால மறிக்கறது), பந்தைத் தட்டிவிட்டது, சத்தமா சொன்னது, ஃபவுல். சென்டருக்கு ஃபவுல்தான் முக்கியம். 28 நிமிஷத்துல 4 ஃபவுலுக்கு மேல பண்றவர் உங்க பழைய பிரச்சினையை ரெண்டு மடங்காக்குவார். களைச்சப்புறம் 10 ஃப்ரீ த்ரோ போடச் சொல்லுங்க, களைக்கிறதுக்கு முன்னாடி போட்டது கணக்கே இல்ல.

அந்தப் பையனுக்குத் தினமும் ஒரே டிரில்: ரெண்டு பேர் டிராப் போடணும் (சேர்ந்து அவனை மடக்கணும்), 8 செகண்டுக்குள்ள நடுக்கோடு தாண்டணும், 10 தடவை. பதறுறது பெரும்பாலும் ஓரக்கோட்டுக்குப் போறதால. ஓரக்கோடும் நடுக்கோடும் சேர்ற மூலையில கோடே மூணாவது டிஃபெண்டர் மாதிரி. அங்கே டிரிபிளை (பந்தைத் தரையில தட்டறதை) நிறுத்தினா முடிஞ்சது. டிராப் வர்றதுக்கு முன்னாடி ஒரு டிரிபிள் பின்னால எடுத்து நடுவுல நிக்கிற சென்டருக்குப் பாஸ் போடப் பழக்குங்க. ஆறு வாரத்துல 10க்கு 7 தாண்டினா அவனையே வைங்க, வெளியில கார்டு தேட வேண்டாம்.

கல்லூரிப் பசங்ககிட்ட செமஸ்டர் அட்டவணையும், சிப்காட் ஆளுங்ககிட்ட ஷிஃப்ட் அட்டவணையும் முதல்லயே வாங்கி ஒரே தாள்ல போடுங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா காலைப் பயிற்சிக்கு வர்றவரைக் குதிக்க விடாதீங்க, அன்னிக்கு ஷூட்டிங் மட்டும். 12 பேர்ல பரீட்சை வாரத்துல எத்தனை பேர் மிஞ்சுவாங்கன்னு எண்ணுங்க. 8க்குக் கீழே போனா ஒரே கல்லூரியிலிருந்து ரொம்பப் பேரை எடுத்திருக்கீங்க.

கோட்டை அகழி:

வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் மூன்று வாரம் பந்தைத் தொட வேண்டாம், முழு ஓய்வு. நீச்சல், சைக்கிள் போதும். அடுத்த நான்கு வாரம் வலுப்பயிற்சி, வாரம் 3 நாள்: ஸ்குவாட், ஒற்றைக்கால் குதிகால் தூக்கல் 15 வீதம் 3 தடவை, சுவரில் முதுகு வைத்து உட்கார்வது 45 செகண்டு 5 தடவை. வேலூரில் பெரும்பாலும் சிமெண்டுத் தரைதான். முழங்கால் சிப்பிக்குக் கீழே வலிப்பதும் கீழ்க்காலின் முன்பக்க எலும்பு வலிப்பதும் பெரும்பாலும் ஓய்விலிருந்து வந்ததும் ஒரே நாளில் நூறு இருநூறு குதி குதிப்பதால்தான். முதல் வாரம் ஒரு நாளைக்கு 40 குதி, பிறகு வாரத்துக்கு 10 கூட்டுங்கள்.

மே மாதம் 40 டிகிரி தாண்டும் நாட்களில் காலை 5:45 முதல் 7:15 வரை, அதற்கு மேல் வேண்டாம். மாலை 5 மணிக்கும் சிமெண்டு கொதித்துக்கொண்டிருக்கும், 6:30க்குத் தொடங்குங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 60 கிலோ ஆள் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால் குடித்தது போதவில்லை. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், ஒரே மூச்சில் அல்ல, அடுத்த சில மணி நேரத்தில். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைய வேண்டும். பாதி பாக்கெட்டைக் கண்ணளவில் போடும் பழக்கம் வேண்டாம். தலைசுற்றலோடு யாராவது குழறிப் பேசினால் பயிற்சியை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸ் 108ஐக் கூப்பிடுங்கள்.

வாலாஜா ரோடு:

ஒண்ணு விட்டுப்போச்சு. புதுசா வர்றவர்கிட்ட கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி கோச் அவரைத் தனியா உட்கார வெச்சு "உனக்கு 15 நிமிஷம், வேலை பாக்ஸ் அவுட்டும் ஸ்கிரீனும், பந்து கம்மியாத்தான் வரும்"னு நேரா சொல்லணும். அதுக்கு முகம் சுளிக்கிறவரை அப்பவே விட்டுடுங்க. தடையில்லாக் கடிதம் கேட்டு இந்த வாரமே எழுதுங்க. பழைய கிளப் கமிட்டி கூடறதுக்கே சில சமயம் ஒரு மாசம் ஆகும்.