பூங்காவில் தினமும் குடி: கோட்டாட்சியர் உத்தரவு வாங்கியவர்கள் உண்டா?

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு நகராட்சி. எங்கள் தெருப் பூங்காவில் ஆறு மாதமாகச் சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூட்டமாக உட்கார்ந்து குடிக்கிறார்கள். போன வாரம் சறுக்குமரத்துக்கு அடியில், மணலுக்குள் கிடந்த பாட்டில் சில்லு என் மகள் காலில் ஏறி மூன்று தையல். இப்போது ஒரு பிள்ளையும் அங்கே போவதில்லை.

100-க்கு நாலு தடவை போன் செய்தேன். ரோந்து வண்டி வந்தால் கலைகிறார்கள், அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். ராத்திரி கேட்டைப் பூட்டச் சொல்லி மனு கொடுத்தோம், வாட்ச்மேன் இல்லையாம். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுப்பவர்களுக்கு, பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 355-ஆவது பிரிவில் அதிகபட்சம் 24 மணி நேரச் சிறை, 1,000 ரூபாய் அபராதம்தான். அதற்கெல்லாம் இவர்கள் அசையமாட்டார்கள்.

பொதுத் தொல்லையை அகற்ற, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ஆவது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்கியவர்கள் மனுவோடு என்னென்ன ஆதாரம் வைத்தீர்கள்?