புதுப்பிப்பு: 128 எம்பி3 போதும் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் பதிவு செய்த தவில், நாதஸ்வரத்தை 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் வித்தியாசமே தெரியாது என்று போன மாதம் எழுதியிருந்தேன். அது தவறு. அப்போது இரண்டு கோப்புகளின் ஒலி அளவைச் சமமாக்காமல், எது எதுவென்று தெரிந்தே கேட்டிருந்தேன்.

இந்த முறை ஏற்காட்டில் மாமா வீட்டில், ராத்திரி பத்து மணிக்கு மேல், வயர் ஹெட்போனில் ஏபிஎக்ஸ் சோதனை, அதாவது மூலப்பதிவு, சுருக்கிய கோப்பு இரண்டையும் கேட்டுவிட்டு, பெயர் மறைத்து ஒலிப்பது அவற்றில் எது என்று சொல்வது. புளூடூத் வேண்டாம், அது ஒலியை இன்னொரு தடவை சுருக்கும். ஒவ்வொரு சுருக்க வடிவத்துக்கும் 16 முறை.

128 எம்பி3யை 15 முறை சரியாகக் கண்டுபிடித்தேன். காட்டிக்கொடுத்தது தவில்தான். குச்சி விழுவதற்குச் சற்று முன்பே ‘ஸ்ஸ்’ என்று ஒரு பிசிறு. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியின் அடுத்தடுத்த அளவீடுகள்) கொண்ட சட்டகங்களாக, அதாவது சுமார் 26 மில்லிநொடித் துண்டுகளாக, எடுத்துக்கொள்கிறது. திடீர் அடி வந்தால், சுருக்கும்போது வரும் இரைச்சல் அடிக்கு முந்தைய அமைதியிலும் பரவிவிடும். சின்னத் துண்டுக்கு மாறித் தப்பிக்கலாம், ஆனால் அதற்குக் கூடுதல் பிட் வேண்டும். 128-இல் அது போதவில்லை.

லேம் என்ற எம்பி3 மென்பொருளின் வி2 என்ற உயர்தர அமைப்பில் 9தான் சரி. வெறும் ஊகம். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற இன்னொரு சுருக்க வடிவத்தில், 96 கேபிபிஎஸ்-லேயே 10தான் சரி, அதுவும் ஊகம்தான். இது எனக்குப் பெரிய ஆச்சரியம்! நாதஸ்வரத்தில் மட்டும் எதிலுமே என்னால் பிரிக்க முடியவில்லை.

சரி, இனி மூலப்பதிவு எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்கில், ஃபோனுக்கு ஓபஸ் 128. மாமாவின் பழைய கார் ஸ்டீரியோவுக்கு லேம் வி2.