மூடப்போகும் கேம் கடையின் போர்டுகள்: நகலெடுத்து வலையேற்றலாமா?

சிப்புட்காரன்:
மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பழைய வீடியோ கேம் கடையைக் காலி செய்கிறார்கள். தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம் லயத்துப் பையன்கள் மொத்தமும் அங்கேதான் கிடப்போம். ஆர்கேட் போர்டுகளையும் (காசு போட்டு ஆடும் கேம் இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகைகள்) ஒரு பெட்டி பிளேஸ்டேஷன் கேம் தட்டுகளையும் தவுக்கே, அதாவது கடை முதலாளி, சும்மா தருகிறார். இல்லாவிட்டால் பழைய சாமான்காரருக்குப் போய்விடும். எல்லாவற்றையும் நகலெடுத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி போடலாம் என்று நினைக்கிறேன். தப்பா?

நிரலாளினி:
எடுத்து வைப்பது நல்ல காரியம். வலையேற்றுவது திருட்டு. நான் கேம் எழுதிப் பிழைப்பவள். எங்கள் கேம் வெளிவந்த வாரமே அதன் நகல் ஒரு குழுவில் சுற்றியது. போட்டவரும் “பாதுகாக்கிறேன்” என்றுதான் எழுதியிருந்தார். அந்தப் போர்டுகளில் கேப்காம் சண்டை கேம்கள் இருக்கும். அவற்றில் பலவற்றை அந்த நிறுவனம் இன்றும் தொகுப்பாக விற்கிறது. அதை இலவசமாகக் கொடுக்க நீங்கள் யார்?

ஒயர்மேன்:
தங்கச்சி, அந்த போர்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? 1993-இல் வந்த கேப்காமின் சிபிஎஸ்-2 வகை போர்டில் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று பற்றவைத்திருக்கும். நிரலைத் திறக்கும் சாவி அந்த பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நிற்கிறது. பேட்டரி செத்தால் சாவி போச்சு. சிப்பு நன்றாக இருந்தும் கேம் வராது. நகலெடுப்பவனைத் தடுக்கப் போட்ட பூட்டு, காசு கொடுத்து வாங்கிய கடைக்காரர் தலையில் விடிந்தது. 2007-இல் அந்தப் பூட்டை உடைத்ததும், 2016-இல் செத்த போர்டுக்குச் சாவியைத் திரும்ப எழுத வழி கண்டதும் ஆர்வலர்கள்தான். அவர்கள் அனுமதிக்குக் காத்திருந்தால் பாதி போர்டு குப்பையில் கிடக்கும்.

பால்மரம்:
சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. நம் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, மென்பொருளின் படியைச் சொந்தமாக வைத்திருப்பவர் காப்புப்படி எடுக்க இடம் தருகிறது. அசல் தொலைந்தால், கெட்டால் பயன்படுத்தத்தான். ஊருக்கே பகிர அல்ல. 2012 திருத்தமோ, சில விலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதையே தடுக்கிறது.

இன்னொன்று: அந்தத் தட்டுகளில் முக்கால்வாசி பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்ற திருட்டு நகலாகத்தான் இருக்கும். அதற்கு 40-ஆவது பிரிவு கைகொடுக்காது.

சிப்புட்காரன்:
ஆமாம், நகல்தான். ஆனால் உள்ளூர்க் கால்பந்து அணிகளின் பெயரையும் சட்டை நிறத்தையும் யாரோ சேர்த்த தட்டு ஒன்று அதில் இருக்கிறது. அது எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் இருக்காது. நம் ஊரில் எதை, எப்படி விளையாடினோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

நிரலாளினி:
அதை வைத்துக்கொள்ளுங்கள், மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆய்வு செய்ய வருபவருக்குக் காட்டுங்கள். பொதுவில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒயர்மேன்:
வீட்டு அலமாரியில் ஒரே ஒரு நகல் இருப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? ஒரு வெள்ளம் வந்தால் எல்லாம் போகும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-இல் கணக்குச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ, தன் 3டிஎஸ், வீ யூ கேம் கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. சரி, நூலகம் வழியாகவாவது தொலைவிலிருந்து ஆய்வாளர்கள் பார்க்கட்டும் என்று கேட்டதற்கு 2024-இல் அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டார்கள், காட்டவும் விடமாட்டார்கள் என்றால் வேறு எங்கே போவது?

நிரலாளினி:
அண்ணே, விற்பனையில் இல்லாததைப் பற்றி நான் சண்டை போடவில்லை. விற்பனையில் உள்ளதையும் சேர்த்துக் கொட்டும்போது உங்கள் வாதமே கெடுகிறது. முதலில் பட்டியல் போடட்டும். இன்று காசு கொடுத்து வாங்க முடிகிற எதையும் வலையேற்றினால் நானே புகார் கொடுப்பேன்.

சிப்புட்காரன்:
பட்டியல் போடுகிறேன், அக்கா. விற்பனையில் உள்ளவற்றைத் தொடமாட்டேன். உரிமையாளர் யாரென்றே தெரியாதவற்றை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒயர்மேன்:
பட்டியல் முடிவதற்குள் பேட்டரி சாகும். போர்டுகளை நாளைக்கே என் பட்டறைக்குக் கொண்டு வா, தம்பி. மின்சாரம் அறுபடாமல் புதியதை மாற்றிவிடலாம். மற்றதை அப்புறம் பேசுவோம்.