மழைக்கு முன்னாடி தண்ணியும் சாமானும் சேர்த்து வைக்க யோசனை வேணும் (மூணாறு)

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். நாங்க மூணாறு எஸ்டேட் லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) இருக்கோம், வீட்டுல அஞ்சு பேர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல பெரியவாரைப் பாலம் போய், மறையூர் வழியா உடுமலைப்பேட்டைக்குப் போற ரோடு அடைபட்டது நம்ம எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து வச்சிரணும்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு வச்சாலும் மூணு நாளைக்கே 60 லிட்டர் ஆகுது. லயத்துல ஒரு ரூமும் அடுப்படியும்தான். 20 லிட்டர் கேன் மூணை கட்டிலுக்கடியில வைக்கலாமா? எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துறீங்க?

பெருமழையில ஓடைத்தண்ணி செம்மண் கரைசலாத்தான் வருது. தெளிய வச்சு, வேட்டித் துணியில வடிகட்டி, கொதிக்க வைக்கலாம். கேஸ் தீர்ந்து விறகும் நனைஞ்சா என்ன செய்ய? குளோரின் மாத்திரை மூணாறு கடைகள்ல கிடைக்குமா?

அரிசி, பருப்பு, அவல் வாங்கியாச்சு. தீப்பெட்டிதான் இந்த ஈரத்துல நமத்துப் போகுது, எதுல போட்டு வைக்கிறீங்க?

முக்கியமா, மாமியாருக்கு இன்சுலின் போடுறோம். கரண்ட் நாள்கணக்கா போனா பிரிக்காத குப்பிகளை எப்படிப் பாதுகாக்கிறது? மண்பானையில வச்சுப் பார்த்தவங்க இருந்தா கண்டிப்பா எழுதுங்க.