கருப்பு மஸ்டாங், பானட் முழுக்க வட்டக்கோடு. பாலிஷ் பண்ணிட்டு செராமிக் அடிக்கலாமா? (பாண்டி)

லாஸ்பேட்டை_கருப்பு:

வணக்கம் மக்களே, நமக்கு பாண்டி லாஸ்பேட்டை. போன ஆவணியில 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி செகண்ட்ஸ்ல எடுத்தேன், பிஒய் 01 வண்டி, முழு கருப்பு. காலேஜ் படிக்கறப்பலேர்ந்து ஆசப்பட்ட வண்டி, கையில காசு சேர இத்தன வருஷம் ஆச்சு.

ராத்திரி தெருவிளக்குல பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழம காலைல ஏழரைக்கு பீச் ரோட்ட வண்டிக்கு திறந்து விட்டதும் ஒரு ரவுண்டு போய் ஓரமா நிறுத்தி இறங்கினேன், கடல் பக்கத்து வெயில் நேரா பானட் மேல விழுது, அப்பதான் பாத்தேன், எவர்சில்வர் தட்ட சபீனா போட்டு தேய்ச்சா வட்டம் வட்டமா கோடு தெரியும் பாருங்க, அதே மாதிரி வண்டி முழுக்க. மனசே விட்டுப்போச்சு.

ஒரு கடையில (பேர் வேணாம்) ரப்பிங் பாலிஷ் விட்டேன், எடுக்கும்போது பளபளன்னு இருந்துச்சு, மூணே வாஷ்ல திரும்ப அதே கோடு, போதாததுக்கு வெயில்ல பாத்தா மெஷின் போன தடமெல்லாம் அலை அலையா ஒரு நிழல் வேற. அடுத்து இன்னொரு இடத்துல செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல அடிக்கற மெல்லிசான பாதுகாப்புப் பூச்சு) கேக்கப் போனேன், அவங்க பானட்ல காந்தம் வச்சு பாத்தாங்க ஒட்டல, பெயிண்ட் கனம் பாக்கற மெஷின் வச்சாங்க எண்ணே வரல, பானட் முழுக்க பட்டி போட்ட ஆக்சிடெண்ட் வண்டிங்கன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா சரியா தூக்கமே இல்ல.

வண்டி நிக்கறது வீட்டு வாசல்ல வேப்பமரத்தடியில. தினம் காலைல எங்க தெரு வாட்ச்மேன் அண்ணன் ஈரத்துணியால துடைச்சு விடுவாரு. தண்ணி போர் தண்ணிதான். நான் என்ன செய்யட்டும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கெடிலக்கரை_டீட்டெயிலர்:

தம்பி, பானட்ட பத்தி இப்பவே கவலைய விடுங்க. உங்க மஸ்டாங்ல பானட்டும் முன்பக்க ரெண்டு ஃபெண்டரும் (முன்சக்கரத்துக்கு மேல வர்ற தகடு) அலுமினியம், கம்பெனியிலயே அப்படித்தான் வருது. அலுமினியத்துல காந்தம் எப்படி ஒட்டும்? அவங்க வச்ச மெஷினும் இரும்புக்கு மட்டும் வேல செய்யற ரகமா இருந்திருக்கும், இரும்பு அலுமினியம் ரெண்டுக்கும் எண்ணு காட்டற மீட்டர் தனியா இருக்கு, அத வச்சு பாக்கணும். பம்பர் பிளாஸ்டிக்ங்கறதால அதுல இந்த மீட்டரும் காட்டாது, அதையும் பட்டின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்ப கோட்டுக்கு வருவோம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல பதினோரு வருஷமா இதே வேல பாக்கறேன். கருப்பு நிறத்துக்கு மேல ஒரு கண்ணாடி மாதிரி அடுக்கு இருக்கும், கிளியர் கோட்னு சொல்வோம், பொதுவா 35லேர்ந்து 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைக்கும்தான் இருக்கும், நம்ம தலமுடிய விட மெலிசு. உங்க கோடெல்லாம் அந்த அடுக்கோட மேல்பரப்புல விழுந்த கீறல். அத எடுக்கறதுன்னா கீறல மூடறது இல்ல, கீறலோட அடி ஆழம் வரைக்கும் சுத்தி உள்ளத தேய்ச்சு மட்டமாக்கறது. அதாவது ஒவ்வொரு தடவ ரப்பிங் விடும்போதும் கிளியர் கோட் கொஞ்சம் போயிடும், திரும்ப வராது. அதனாலதான் அளக்காம மெஷின எடுக்கறவங்க கிட்ட வண்டிய குடுக்காதீங்கன்னு பாக்கறவங்க எல்லார் கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

மூணு வாஷ்ல கோடு திரும்ப வந்துச்சுன்னீங்களே, அது திரும்ப வரல, போகவே இல்ல. எண்ணெயும் ஃபில்லரும் கலந்த பாலிஷ் கீறல் பள்ளத்துல போய் உக்காந்திருக்கும், ஷாம்பு பட்டதும் கரைஞ்சு போச்சு. வேல முடிஞ்சதும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால தண்ணில கலந்து துடைச்சு, லைட் அடிச்சு காட்டச் சொல்லி கேளுங்க, நெஜமா எடுத்திருந்தா அப்பவும் சுத்தமா இருக்கும். அந்த அலை நிழலுக்கு ஹோலோகிராம்னு பேரு, ஒரே அச்சுல வேகமா சுத்தற ரோட்டரி மெஷின்ல கம்பளி பேட் போட்டு ஓட்டிட்டு கடைசி பாலிஷ் பண்ணாம விட்டா வரும். சுத்திக்கிட்டே ஆடற டிஏ மெஷின்ல மெத்து ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வச்சு எடுத்தா போயிடும், பயப்பட ஒண்ணுமில்ல.

செராமிக் அப்புறம்தான். கோட்டிங் ஒரு மைக்ரான், ரெண்டு மைக்ரான் கனம், அது எந்தக் கீறலையும் மறைக்காது, இருக்கற கீறல உள்ள வச்சு பூட்டிடும்.

ஈசிஆர்_ஓட்டி:

நம்ம ஓட்டு பிபிஎஃப்க்கு, அதாவது பெயிண்ட் மேல ஒட்டற கண்ணாடி மாதிரி பாதுகாப்பு ஷீட்டுக்கு. பாண்டிலேர்ந்து மெட்ராஸ் அடிக்கடி போறவன் நான், மரக்காணம் உப்பளம் தாண்டி லாரி பின்னாடி போனா கல்லு வந்து பானட்ல அடிக்கற சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். செராமிக் கல்லுக்கு நிக்காது, 9எச்னு போடறதெல்லாம் பென்சில் கீறிப் பாக்கற அளவு, சுத்தியால அடிச்சாலும் தாங்கும்னு அர்த்தம் இல்ல. பிபிஎஃப் 150லேர்ந்து 200 மைக்ரான் பாலியூரித்தேன் ஷீட்டு, சின்னக் கீறல் வெயில் சூட்டுல தானா மறைஞ்சிடும். காசு அதிகம்தான், ஆனா முன்பக்கம் மட்டுமாவது, அதாவது பானட், பம்பர், ஃபெண்டர், சைடு கண்ணாடி மூடிக்கு ஒட்டிக்கிட்டு மத்த இடத்துக்கு செராமிக் அடிச்சா போதும். நான் அப்படித்தான் பண்ணேன்.

முத்தியால்பேட்டை_அக்கா:

யாரும் தண்ணிய பத்தி பேசலையே. நான் மூணு வருஷம் முன்னாடி என் வண்டிக்கு செராமிக் அடிச்சேன், ஆறே மாசத்துல கதவெல்லாம் வெள்ள வெள்ளயா வட்டம், கோட்டிங்தான் சரியில்லன்னு நினைச்சேன். அப்புறம் வீட்டு ஆர்ஓ சர்வீஸ் பண்ண வந்த தம்பி போர் தண்ணிக்கு டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்ச உப்பு அளவு காட்டறது) வச்சா 1400 காட்டுது. கடலோரத்துல உப்பும் சுண்ணாம்பும் சேந்த தண்ணிங்க இது, வெயில்ல காய்ஞ்சா தண்ணி மட்டும்தான் போகும், சுண்ணாம்பு அப்படியே தங்கிடும், நாள்பட்டா கோட்டிங்க அரிச்சு உள்ள இறங்கிடும். இப்ப போர் தண்ணில கழுவிட்டு கடைசி அலசல் மட்டும் ரெண்டு குடம் ஆர்ஓ தண்ணி, உடனே துடைச்சிடுவேன், வெயில் ஏறினதுக்கு அப்புறம் கழுவறதே இல்ல. இதுக்கு மேல ஒரு பைசா செலவில்ல.

அப்புறம் அந்த வாட்ச்மேன் அண்ணன். அவர் பாவம் நல்ல மனசோட செய்யறாரு, ஆனா வட்டக்கோடு வர்றதே அங்கதான். ராத்திரி பனியில நனைஞ்ச புழுதியும் கடற்காத்து உப்பும் வண்டி மேல ஒட்டி இருக்கு, அது மேல ஈரத்துணிய வச்சு தேய்ச்சா உப்புத்தாள் வச்சு தேய்க்கற மாதிரிதானே. அதுவும் ஒரே பக்கெட்ல தெருவுல இருக்கற எல்லா வண்டியும்.

லாஸ்பேட்டை_கருப்பு:

அக்கா, நீங்க சொன்னத படிச்சிட்டு அவர் கிட்ட போய் பேசினேன், பொங்கல் பணம் வழக்கம் போல தரேன்ணே, என் வண்டிய மட்டும் விட்ருங்கன்னு சொன்னேன், சிரிச்சிட்டு சரின்னுட்டாரு.

அப்புறம் டீட்டெயிலர் அண்ணே, நீங்க சொன்ன மாதிரி ரெண்டு உலோகத்துக்கும் காட்டற மீட்டர் ஒரு ஃப்ரெண்டு கிட்ட வாங்கி நானே பாத்தேன். பானட் 108லேர்ந்து 117 மைக்ரான். ரூஃப் 120 பக்கம். டிக்கி 115. எடது ஃபெண்டர் மட்டும் 270, ஒரு எடத்துல 310. டிரைவர் டோர்ல நடுவுல 110, ஆனா ஓரத்து மடிப்புல 82 காட்டுது. இது என்னண்ணே?

கெடிலக்கரை_டீட்டெயிலர்:

சூப்பர் தம்பி, பாதி வேலய நீங்களே முடிச்சிட்டீங்க. பானட் கம்பெனி பெயிண்ட்தான், பட்டின்னு சொன்னது தப்பு. எடது ஃபெண்டர் மறுபடி பெயிண்ட் அடிச்சது, அந்த எண்ணுக்கு பெரிய பட்டி வேலயெல்லாம் இருக்காது, ஒரு உரசல் பட்டு அடிச்சிருப்பாங்க. ஆனா பிபிஎஃப் ஒட்டறவர் கிட்ட இத முதல்லயே சொல்லிடுங்க, வெளில அடிச்ச பெயிண்ட் சரியா பிடிக்கலன்னா பின்னாடி ஷீட்ட உரிக்கும்போது பெயிண்டும் சேந்து வந்துடும். எனக்குன்னா அந்த ஃபெண்டர்ல ஷீட்டே வேணாம், செராமிக் போதும்.

அந்த 82தான் எனக்கு உறுத்துது. மடிப்புல பெயிண்ட் இயல்பாவே மெலிசாதான் நிக்கும், அங்க போய் ரோட்டரிய அழுத்தி இருக்காங்க. அதுல இனிமே மெஷின் படவே கூடாது, டேப் ஒட்டி மூடிட்டுதான் வேல பாக்கணும். அங்க ரெண்டு கோடு இருந்தா இருந்துட்டு போகட்டும் தம்பி, கிளியர் கோட் போய் கருப்பு சாம்பலா வெளுத்துச்சுன்னா அந்த டோர் முழுக்க பெயிண்ட் அடிக்கணும்.

மத்த இடத்துக்கு நான் செய்யற முறை: நல்லா கழுவி, இரும்புத்துகள் கரைக்கற மருந்து அடிச்சு, ஒட்டின அழுக்க எடுக்கற களிமண் பார் போட்டு இழுத்து, அப்புறம் பானட்ல ரெண்டடிக்கு ரெண்டடி இடத்துல மட்டும் முதல்ல மெத்து பேட், மெத்து பாலிஷ். அதுலயே எண்பது சதவீதம் கோடு போச்சுன்னா அதோட நிறுத்திடுவேன், போகலன்னாதான் அடுத்த கட்டம். ஒவ்வொரு தடவ மெஷின் ஓட்டினதும் மீட்டர் வைப்பேன். மூணு நாள் வேல, ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்னு யாராவது சொன்னா நீங்களே புரிஞ்சுக்கோங்க.

கோட்டிங் நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திக மழயில வேணாம், தை பிறக்கட்டும். சூடும் கடற்கர ஈரமும் சேந்தா எப்ப துடைக்கணுங்கறது பாட்டில்ல எழுதின நிமிஷப்படி வராது, ஒரு சாண் ரெண்டு சாணா அடிச்சு, எண்ணெய்ப்படலம் மாதிரி வானவில் தெரிஞ்ச உடனே துடைக்கணும், விட்டா இறுகி கருந்திட்டா நிக்கும், அத எடுக்க திரும்ப மெஷின்தான். அடிச்ச பிறகு ஒரு நாள் முழுக்க தண்ணியே படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு வேணாம். இன்னொன்னு, காக்கா எச்சத்துக்கு செராமிக்கும் முழுசா தாங்காது, வேப்பமரத்தடியில நிறுத்தறதா இருந்தா ஒரு பாட்டில் தண்ணியும் சுத்தமான மைக்ரோஃபைபரும் டிக்கியில வச்சுக்கோங்க, பாத்ததும் ஊற வச்சு எடுத்துடணும்.

லாஸ்பேட்டை_கருப்பு:

ரொம்ப நன்றிண்ணே, நேத்துதான் நல்லா தூங்கினேன். தை முதல் வாரம் கடலூர் வரேன், பானட்டுக்கும் பம்பருக்கும் பிபிஎஃப், மத்ததெல்லாம் செராமிக், அந்த டோர் மடிப்ப தொடவே வேணாம். வரும்போது இங்க நல்ல கடையா பாத்து ஒரு வாட்டர் வாஷ் விட்டுட்டு கொண்டு வரட்டுமா?

கெடிலக்கரை_டீட்டெயிலர்:

வேணாம் தம்பி, புழுதியோடயே வாங்க.