அத்தான் அடித்த தமிழ் சப்டைட்டில் புதுக் கணினியில் தெரியவில்லை, ஆச்சிக்காகக் கேட்கிறேன்

கல்லிடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சிக்கு எண்பத்தி நாலு வயது. இருபது வருஷமாகக் காது மந்தம், இப்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆனால் கண் நல்ல கண். காலையில் பேப்பர் வந்ததும் மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் வாசித்துவிடுவாள்.

2009இல் அத்தை மகன் (எனக்கு அத்தான்) ஆச்சிக்குப் பிடித்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வசனம் முழுவதையும் தமிழில் அடித்துச் சப்டைட்டில் செய்து கொடுத்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்காருவோம். ஒரு வரி கேட்பார், நிறுத்துவார், அடிப்பார். நான் பக்கத்தில் இருந்து நேரம் சொல்வேன். மொத்தம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வசனம். ஆச்சி அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை.

அந்தக் கணினி போய்விட்டது. ஃபைல் மட்டும் பென்டிரைவில் இருந்தது. புதுக் கணினியில் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரில் போட்டால் தமிழே வரவில்லை, இங்கிலீஷ் எழுத்தாக ஓடுகிறது. முதல் வசனத்தைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்: எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எல்லாம் சின்ன எழுத்து. அத்தான் இப்போது மஸ்கட்டில். எந்த ஃபான்டில் அடித்தோம் என்று அவருக்கும் ஞாபகம் இல்லை.

இன்னொன்று. பழைய சி.டி. கீறல் விழுந்துவிட்டதால் படத்துக்குப் புது டி.வி.டி. வாங்கினேன். அதில் போட்டால் ஒரு மணி நேரம் போனதும் எழுத்து வெகுவாக முந்திவிடுகிறது. திரையில் பாட்டு நடக்கும்போது கீழே அடுத்த சீன் வசனம் ஓடுகிறது.

நானே புதிதாக அடித்துவிடலாம் என்று பழைய லேப்டாப்பில் நோட்பேடில் இருபது வரி அடித்தேன். மறுநாள் திறந்தால் அத்தனையும் கேள்விக்குறி. யாராவது வழி சொல்லுங்கள்.

பாளை டி.டி.பி.:

தம்பி, அந்த முதல் வசனம் "அம்மா". சரிதானே?

வண்ணார்பேட்டையில் பதினெட்டு வருஷம் டி.டி.பி. கடை (அச்சுக்குக் கணினியில் அடித்துக் கொடுக்கும் கடை) வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், பதினாறாம் நாள் அட்டை எல்லாம் இந்த ஃபான்டில்தான் அடித்தோம். பெயர் பாமினி. இதில் எம் தட்டினால் அ, கே தட்டினால் ம, அரைப்புள்ளி தட்டினால் மேலே புள்ளி, எச் தட்டினால் துணைக்கால். "தமிழ்" என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கணினிக்கு உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துத்தான், பாமினி அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும். புதுக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது. உங்கள் அத்தானின் உழைப்பு ஓர் எழுத்துக்கூடக் கெடவில்லை. முதல் வேலையாக அந்த ஃபைலை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

பாமினியை யூனிகோடாக, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறையாக, மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் ஃபைலை முழுசாக அதில் போட்டுவிடாதீர்கள். சப்டைட்டிலில் நேரம் எழுதும்போது நொடிக்கும் மில்லி நொடிக்கும் நடுவில் கமா வரும். பாமினியில் கமா என்றால் "இ". மாற்றி முடித்ததும் 15,200 என்பது 15இ200 என்று நிற்கும். அப்புறம் எந்தப் பிளேயரும் அந்த நேரத்தைப் புரிந்துகொள்ளாது. ஒரு நோட்டீஸில் விலைப்பட்டியலை இப்படி மாற்றி அச்சுக்கே அனுப்பிவிட்டேன், ஐந்நூறு காகிதம் வீணாகப் போயிற்று.

சப்டைட்டில் எடிட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் திறந்து வசனத்தை மட்டும் வெறும் உரையாக வெளியே எடுங்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் ஒரு வெற்று வரி இருக்கட்டும். அந்த உரையை மட்டும் யூனிகோடாக்கித் திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள். நேரத்தைப் பழைய ஃபைலிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், அதற்கு அதிலேயே வசதி உண்டு. வசன எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முந்துவதற்குக் காரணம் வேறு. நம் ஊர்ச் சி.டி. நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 படச்சட்டம், ஓடும். புது டி.வி.டி. 23.976இல் இருக்கும் என்று நினைக்கிறேன். படம் அந்த அளவுக்கு மெதுவாகப் போகிறது, எழுத்து பழைய வேகத்திலேயே போகிறது. ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிஷ வித்தியாசம் வரும். உங்களுக்கும் அவ்வளவுதானா? அப்படியென்றால் அதே மென்பொருளில் ஃப்ரேம் ரேட்டை 25இலிருந்து 23.976க்கு மாற்றுங்கள். வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகளைத் தட்டினால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே நகரும்தான், ஆனால் போகப் போகக் கூடும் வித்தியாசத்துக்கு அது உதவாது.

கேள்விக்குறியான அந்த இருபது வரி மட்டும் போனது போனதுதான். பழைய நோட்பேட் தானாக ஆன்சி என்ற பழைய எழுத்து முறையில் சேமிக்கும், அதில் தமிழுக்கு இடமே கிடையாது. இனிமேல் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று தேர்ந்தெடுங்கள்.

தென்காசிச் சாரல்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாற்றிய பிறகும் தலையில் கோடு போட்ட சின்ன ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் பயப்படாதீர்கள், ஃபைல் சரியாகத்தான் இருக்கிறது. வி.எல்.சி. ப்ரிஃபரன்சஸில் சப்டைட்டில் பகுதிக்குப் போய் என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்குங்கள். கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்டை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நின்றால் வி.எல்.சி. பழசு, 3 அல்லது அதற்கு மேல் உள்ளதைப் போடுங்கள். எதை மாற்றினாலும் மூடித் திறந்தால்தான் தெரியும். ஆச்சிக்காக அங்கேயே எழுத்தின் அளவையும் பெரிசாக்கிவிடுங்கள்.

கல்லிடைக்காரன்:

அண்ணாச்சி, "அம்மா"தான். படிக்கும்போதே எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நேற்று ராத்திரி பதினொன்றரை வரை இருந்து முடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு முந்துகிறது என்று வாட்ச் வைத்துப் பார்த்தேன், இரண்டரை நிமிஷமேதான். ஃப்ரேம் ரேட் மாற்றியதும் கடைசி சீன் வரை உதட்டோடு எழுத்து ஒட்டிப் போகிறது. வசன எண்ணிக்கையில் முதலில் இரண்டு குறைந்தது. அத்தான் இரண்டு இடத்தில் வெறும் புள்ளி மட்டும் வைத்திருந்தார், அழுகைக்காக. அதைக் கையால் சேர்த்தேன்.

இன்று மத்தியானம் ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். இடைவேளை வரை எழுந்திருக்கவே இல்லை. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி, "பிள்ளைக்கு இந்த றகரம் அன்றைக்கும் வராது" என்று திரையைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம் மஸ்கட்டுக்குப் போன் போடச் சொன்னாள். அவளுக்குக் கேட்காதே, அத்தான் பேசியதை நான் ஒரு தாளில் பெரிசாக எழுதி எழுதிக் காட்டினேன்.