விர்ட்டஸ் ஜிடி 1.5 டிஎஸ்ஜி: ரீமேப் போடறதா, கோல்ஃப் ஜிடிஐக்கு மாறறதா?

மஞ்சள் வண்டி (திருப்பூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி பிளஸ், 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின், டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). 2023 மாடல், வாரண்டி இன்னும் முடியல. சக்தி 150 பிஎஸ், இழுவை (டார்க்) 250 நியூட்டன் மீட்டர். வாங்கினப்ப இதுக்கு மேல எதுக்குன்னுதான் நினைச்சேன். போன மாசம் சொந்தக்காரர் ஒருத்தர் ஃபோக்ஸ்வேகனோட வேகமான காரான கோல்ஃப் ஜிடிஐ-ல என்னை உக்கார வச்சு நீலாம்பூர் பைபாஸ்ல ஒரு மிதி மிதிச்சார். அதுல இருந்து என் வண்டியில ஏறினாலே ஏதோ குறையற மாதிரி இருக்கு.

இப்ப ரெண்டு வழி தெரியுது. ஒன்னு, என் வண்டிக்கே ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரை மாத்தறது), இன்டேக் (காத்து உள்ள போற குழாய்), டவுன்பைப் (டர்போவுல இருந்து புகை வெளிய போற குழாய்) எல்லாம் போட்டு 190 பிஎஸ், 320 நியூட்டன் மீட்டர் பக்கம் கொண்டு போறது. செலவு ரெண்டு லட்சத்துக்குள்ள முடியும்னு ட்யூனிங் பண்றவர் சொல்றார். இன்னொன்னு, இதை வித்துட்டு லோன் போட்டு ஜிடிஐ. வீட்டுல ரெண்டாவதுக்கு ஒத்துக்க வைக்கறது கஷ்டம், ஆனா முடியாததில்ல.

வாரநாள்ல திருப்பூர் - கோவை தினமும் ஓட்டறேன். லீவு நாள்ல வால்பாறை, கோத்தகிரி. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்ல ஓட்டற நாள்) நடந்தா போகணும்னு ஆசை இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பூஸ்ட் பிரியன் (சென்னை):

நண்பா, ரீமேப் போட்டுருங்க. என்னோடது போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல். கம்பெனி கொடுத்தது 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1, அதாவது வெறும் சாஃப்ட்வேர் ரீமேப் மட்டும்தான் போட்டேன், வேற எந்தப் பார்ட்டும் மாத்தல. ஜிஎஸ்டி ரோட்டுல லாரியை ஓவர்டேக் பண்ண முன்னாடி ரெண்டு கியர் இறக்கணும், இப்ப நாலாவதுலயே போயிடுது. 95 ஆக்டேன் பெட்ரோல் தவிர எதுவும் ஊத்தறதில்ல, ஆயிலை கம்பெனி சொல்ற கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்திடறேன். வண்டி கல்லு மாதிரி இருக்கு.

ஜிடிஐ அருமையான வண்டி, அதுல சந்தேகமில்ல. ஆனா ரெண்டு லட்சத்துல கிடைக்கற சந்தோசத்துக்கு எதுக்கு அம்பது லட்சத்துக்கு மேல கொட்டணும்? நல்ல ட்யூனரா பாருங்க, டைனோவுல (எஞ்சின் சக்தியை அளக்கற மெஷின்) ஏத்தி முன்ன பின்ன ரெண்டு ரீடிங்கும் கையில வாங்குங்க. அவ்வளவுதான்.

சிங்காநல்லூர் பட்டறை (கோவை):

தம்பி, நான் பட்டறை வச்சிருக்கறவன். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிங்கதான் நிறைய வரும். நான் ரீமேப் போடறதில்ல, போட்ட வண்டிங்களுக்கு அப்புறமா வேலை பாக்கறவன். என் பேச்சு அந்தப் பக்கமா சாஞ்சுதான் இருக்கும், அதை மனசுல வச்சுப் படிங்க.

நீங்க எஞ்சினைப் பத்தியே கேட்டிருக்கீங்க. முதல்ல கியர்பாக்ஸைப் பாக்கணும். உங்க வண்டியில இருக்கறது டிக்யூ200-ங்கற டிஎஸ்ஜி. ஏழு கியர், ரெண்டு கிளட்ச், ரெண்டுமே ட்ரை கிளட்ச் (எண்ணெய் இல்லாத உலர் வகை). ஒன்னு 1, 3, 5, 7-ஐப் பாத்துக்கும். இன்னொன்னு 2, 4, 6, ரிவர்ஸ். இந்த டிக்யூ200-ஐ கம்பெனி வடிவமைச்சதே 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான். உங்க எஞ்சின் இப்ப தர்றதும் அதே 250. கம்பெனிக்காரன் எல்லைக்கோட்டு மேலயே வண்டியை நிறுத்தி வச்சிருக்கான், மிச்சம்னு ஒன்னும் விடல. 320-க்குப் போனா அந்த எல்லையை விட 28 சதவீதம் அதிகம். ஒத்தை மாட்டு வண்டியில ரெட்டை மாட்டு பாரம் ஏத்தற கதை அது.

பூஸ்ட் பிரியன் தம்பி சொன்னது அவர் வண்டிக்குச் சரி. அது மேனுவல், டார்க்கும் கம்மி. அதே கணக்கை டிஎஸ்ஜிக்குப் போட முடியாது.

ட்ரை கிளட்ச்னா சூடு போக எண்ணெய் கிடையாது, சுத்தியிருக்கற காத்துதான். ஏப்ரல் வெயில்ல லட்சுமி மில்ஸ் சிக்னல்ல ஊர்ந்து ஊர்ந்து போறப்ப முதல் கியர் கிளட்ச் பாதி பிடிச்சும் பிடிக்காமயும் தேஞ்சுக்கிட்டே இருக்கும். மேப் போட்ட வண்டியில அதுக்கு மேல ஒரு மிதி மிதிச்சீங்கன்னா என்ன ஆகும்னு யோசிங்க. நல்ல ட்யூனருங்க இதைத் தெரிஞ்சு முதல் ரெண்டு கியர்ல டார்க்கைக் கட்டி வைப்பாங்க, கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரையும் மாத்தி கிளட்ச் அழுத்தத்தைக் கூட்டுவாங்க. அது வழுக்கறதைக் குறைக்கும், ஆனா உள்ள இருக்கற பிளேட் அதே பிளேட்தான். டைனோ சீட்டுல வர்ற 320 ரோட்டுல மூணாவது கியர்ல இருந்துதான் கிடைக்கும். அதையும் உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

ஜிடிஐ-ல வர்றது டிக்யூ381. அதுவும் ஏழு கியர்தான், ஆனா கிளட்ச் எண்ணெயில மூழ்கி இருக்கும். எஞ்சின் 2.0 டிஎஸ்ஐ, 265 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர். அந்த 370-ஐத் தாங்கற மாதிரிதான் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், டிரைவ் ஷாஃப்ட் எல்லாத்தையும் சேத்து யோசிச்சிருக்காங்க. முன்னாடி டிஃப்ரன்ஷியல்ல (ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கற பாகம்) ஒரு மல்டி பிளேட் கிளட்ச் இருக்கு. வளைவுல உள்பக்கச் சக்கரம் வழுக்கினா அது பூட்டிக்கிட்டு வெளிப்பக்கச் சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும். உங்க விர்ட்டஸ்ல அது கிடையாது. வழுக்கற சக்கரத்துல பிரேக்கைப் பிடிச்சுத்தான் அடக்கும். டார்க்கைக் கூட்டினா கொண்டை ஊசி வளைவுல அந்த முன் பிரேக்குக்கு இன்னும் ஒரு வேலை சேரும். பின்னாடி உங்களுக்கு ட்ரம், அவங்களுக்கு டிஸ்க். பின் சஸ்பென்ஷன் உங்களுக்கு டார்ஷன் பீம் (ரெண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கும்), அவங்களுக்கு மல்டி லிங்க் (ஒவ்வொரு சக்கரமும் தனியா அசையும்). நீங்க நீலாம்பூர்ல உக்காந்து பாத்தது இது அத்தனையும் சேந்ததுதான். வெறும் பிஎஸ் மட்டும் இல்ல. உங்க வண்டியில எஞ்சினை மட்டும் ஏத்தினா அந்த நிதானம் வராது, வேகம் மட்டும் வரும்.

வாரண்டி விசயம். விர்ட்டஸுக்கு 4 வருசம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டரை மாட்டி ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) சாஃப்ட்வேர் மாறியிருக்கறது தெரிஞ்சா டிடி1-ன்னு ஒரு குறி விழும். அதுக்கப்புறம் எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி கேக்கறது கல்லுல நார் உரிக்கற வேலை. பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டாலும், எத்தனை தடவை எழுதியிருக்காங்கன்னு ஈசியு கணக்கு வச்சிருக்கும்.

டவுன்பைப்பைப் பத்தி ஒன்னு சொல்லணும். அதுல பெரும்பாலும் நடக்கறது புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழட்டிட்டு வெறும் குழாயை மாட்டறதுதான். என் பட்டறையில அதை எத்தனை காசு கொடுத்தாலும் செய்யறதில்ல. 2023 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதியோட ரெண்டாம் கட்டம் வந்ததே வண்டி ரோட்டுல ஓடறப்பவே புகையைக் கட்டுப்படுத்தறதுக்குத்தான். நம்ம வண்டிக்குப் பின்னாடி பைக்குல குழந்தையை உக்கார வச்சுக்கிட்டு வர்றவங்க மூஞ்சியில அந்தப் புகையை அடிக்கறதை என்னால ஏத்துக்க முடியல. சட்டமும் நம்ம பக்கம் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில தெளிவா சொல்லிருச்சு. நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னா, சொல்லாம மாத்தினதைக் காட்டி இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்க வழி இருக்கு.

என் யோசனை இதுதான். உங்களுக்கு வேணுங்கறது வால்பாறை ரோட்டு சந்தோசம்னா எஞ்சினைத் தொடாதீங்க. ஆழியார்ல இருந்து மேல ஏறற 40 கொண்டை ஊசியில உங்க 150 பிஎஸ்-ஐயே முழுசா யாரும் பயன்படுத்த முடியாது. டயர், பிரேக், ஷாக் அப்சார்பர், இந்த மூணுல காசைப் போடுங்க. அதுக்கப்புறமும் நேர் ரோட்டுல முதுகை சீட்டுல அழுத்தற அந்த இழுவைதான் வேணும்னு மனசு கேட்டா, அதுக்கு டிக்யூ200 சரியான கியர்பாக்ஸே இல்ல. வேற வண்டிக்குப் போங்க. ரெண்டுக்கும் நடுவுல நின்னு ரெண்டு லட்சத்தைச் செலவு பண்றதுதான் எனக்கு மனசு ஒப்பல.

வெள்ளை ஜிடிஐ (சேலம்):

ஜிடிஐ வச்சிருக்கறவன்ங்கற முறையில சொல்றேன். 2025 மே மாசம் அறிமுகமானப்ப எக்ஸ் ஷோரூம் 53 லட்சம். தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல உள்ள வண்டிக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். வரி மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டும், அதாவது உங்க விர்ட்டஸ் விலையில பாதிக்கு மேல. இறக்குமதி வண்டிங்கறதால இன்சூரன்ஸும் அதுக்குத் தக்க மாதிரிதான். லோன் போடறதுக்கு முன்னாடி ஆன் ரோடு கொட்டேஷன் வாங்கி வீட்டுல மேஜை மேல வைங்க.

அப்புறம் தரை இடைவெளி. உங்களுது 179 மில்லிமீட்டர், இது 136. எங்க தெரு வேகத்தடையில நாலு பேர் உக்காந்தா நான் குறுக்கா சாய்ச்சுத்தான் ஏத்தறேன். டயர் 225/40 ஆர்18. ஏற்காடு ரோட்டுல மழைக்கு அப்புறம் வர்ற குழியைப் பாத்தா வயித்தைக் கலக்கும்.

இதெல்லாம் சொல்லிட்டு இதையும் சொல்றேன். காலையில அஞ்சரை மணிக்கு ஏற்காடு ஏறி, வளைவு நடுவுல ஆக்சிலரேட்டரை மிதிக்கறப்ப மூக்கு வெளிய ஓடாம உள்ள இழுத்துக்கிட்டுத் திரும்பும் பாருங்க, அதுக்காக நான் இன்னொரு தடவையும் இதையேதான் வாங்குவேன். அதை எந்த ரீமேப்பும் தராது. பட்டறை அண்ணன் சொன்ன டிஃப்ரன்ஷியல் வேலை அது.

விலை எட்டலேன்னா பழைய ஸ்கோடா ஆக்டாவியா விஆர்எஸ் 245 தேடிப் பாருங்க. 2020-ல 200 வண்டிதான் இந்தியாவுக்கு வந்துச்சு. 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், கிளட்ச் எண்ணெயில இருக்கற வகைதான். டிக்கியில குடும்பத்தோட மூட்டை முடிச்செல்லாம் அடங்கும். வீட்டுல சம்மதம் வாங்க அது ஒன்னே போதும்.

மஞ்சள் வண்டி (திருப்பூர்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 250-க்கு 250-ன்னு கியர்பாக்ஸ் கணக்கு இருக்கறது எனக்குத் தெரியவே தெரியாது. ட்யூனர்கிட்ட போன்ல கேட்டேன். முதல் ரெண்டு கியர்ல டார்க்கைக் கட்டித்தான் வைப்போம்னு அவரும் ஒத்துக்கிட்டார். டவுன்பைப் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

பட்டறை அண்ணா, டயர், பிரேக், ஷாக் மூணையும் ஒரே மாசத்துல என்னால செய்ய முடியாது. எதை முதல்ல செய்யறது? விஆர்எஸ் 245 கிடைச்சா பாக்க வர்றப்ப உங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

சிங்காநல்லூர் பட்டறை (கோவை):

தாராளமா கூப்பிடுங்க தம்பி.

முதல்ல பிரேக் ஆயில். செலவு கம்மி, யாரும் கண்டுக்காத விசயமும் அதுதான். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 155-லயே கொதிக்க ஆரம்பிச்சிடும். 2023 வண்டின்னா இதுவரைக்கும் மாத்தலேன்னா ஈரம் ஏறியிருக்கும். வால்பாறையில இருந்து இறங்கறப்ப பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினா அது அதனாலதான். கூடவே முன் பிரேக் பேட், சூடு தாங்கற வகையா போடுங்க. நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன்னாடிதான், பின் ட்ரம்மைப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆனா வருசத்துக்கு ஒரு தடவை ட்ரம்மைக் கழட்டித் தூசி தட்டணும்.

அடுத்தது டயர். 205/55 ஆர்16 அதே அளவுலயே இருங்க, அகலம் கூட்ட வேண்டாம். இப்ப இருக்கற டயர் தேயற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 மாதிரி நல்லா பிடிக்கற டயரா போடுங்க. ஷாக் கடைசியில பாத்துக்கலாம், அதுக்கு முன்னாடி ஒரு ட்ராக் டே போயிட்டு வாங்க. செட்டிபாளையம் ட்ராக்ல நேர் ரோடு சின்னது, வளைவுதான் ஜாஸ்தி. வண்டி எங்க தள்ளாடுதுன்னு அங்க உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கு நடுவுலயும் ஒரு ரவுண்டு மெதுவா ஓட்டி பிரேக்கை ஆற விடுங்க. வந்து நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க, சூட்டுல ட்ரம் பிடிச்சுக்கும். கியரை பி-ல (பார்க்கிங்) போட்டுட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

விஆர்எஸ் கிடைச்சா விக்கறவர்கிட்ட கியர்பாக்ஸ் ஆயில் மாத்தின சர்வீஸ் பில் இருக்கான்னு முதல்ல கேளுங்க. அந்த வண்டிங்கள்ல ரீமேப் போட்டதும் நிறைய சுத்துது. நான் ஸ்கேனரோட வர்றேன், ஈசியுவைப் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் விலை பேசலாம்.